நீளத்தைக் கடைசியில் பாருங்க: ஓரளவு ஓட்டத் தெரிந்தவர்களுக்கு ஸ்னோபோர்டு அளவு

"ஏனுங்ணா, நான் அஞ்சு அடி எட்டு இன்ச்சுங்க. 158 போர்டு வாங்கினா சரியா இருக்குங்களா?"

சரவணம்பட்டியில் ஐ.டி. வேலை பார்த்துக்கொண்டு வருசத்துக்கு ஒருமுறை காஷ்மீர் குல்மர்க் போகிறவர், சூரிச்சிலோ டென்வரிலோ ஆன்சைட்டில் இருக்கும்போது வாடகை போர்டில் பழகியவர், திருப்பூர் பனியன் தொழிலுக்கு நடுவில் ஒரு வாரம் ஒதுக்கிப் பனிக்கு ஓடுகிறவர், யார் கேட்டாலும் கேள்வி இப்படித்தான் வருகிறது. உயரத்தைச் சொல்லிவிட்டு நீளத்தைக் கேட்கிறார்கள். இதற்குப் பதில் சொல்ல முடியாதுங்க. 173 செ.மீ. உயரத்தில் 60 கிலோ ஆளும் உண்டு, 85 கிலோ ஆளும் உண்டு. போர்டை நிமிர்த்தி வைத்துப் பார்த்தால் தாடை ரெண்டு பேருக்கும் ஒரே இடத்தில்தான் இருக்கும். பனியில் அதே போர்டு ஒருவருக்குப் பலகைபோல விறைத்து நிற்கும், இன்னொருவருக்குத் துவளும்.

"தாடைக்கும் மூக்குக்கும் நடுவில் நிற்கணும்" என்ற கணக்கு வாடகைக் கடைக்காரரின் அவசரத்துக்கு உதவும். வரிசையில் முப்பது பேர் நிற்கும்போது அவர் வேறு என்ன செய்வார்? சொந்தக் காசில் வாங்குகிறவருக்கு அது போதாது. பார்க்க வேண்டிய வரிசை இது: முதலில் பாதம், அடுத்தது எடை, பிறகு எந்தப் பனியில் ஓட்டப்போகிறீர்கள் என்பது. இந்த மூன்றும் முடிவானால் நீளம் தானாக வந்து நிற்கும். உயரத்துக்கு ஒரே ஒரு வேலைதான், அதைப் பின்னால் பார்க்கலாம்.

யாருக்காக எழுதுகிறோம் என்பதையும் சொல்லிவிடலாம். டோ சைடு (விரல் பக்கம்), ஹீல் சைடு (குதி பக்கம்) ரெண்டிலும் திருப்பங்களைத் தொடர்ச்சியாகக் கோத்து இறங்கத் தெரியும். நடுத்தரச் சரிவில் பயமில்லை. சறுக்கித் திருப்புவதை விட்டு எட்ஜை, அதாவது போர்டின் ஓரத்து உலோக விளிம்பை, பனியில் பதித்துத் திருப்ப ஆரம்பித்திருக்கிறீர்கள். இதுதான் இடைநிலை. பழகுகிறவருக்கு வேண்டுமென்றே நாலைந்து சென்டிமீட்டர் குறைத்துக் கொடுப்பார்கள், சுலபமாகத் திரும்பும் என்பதால். நீங்கள் அந்தத் தள்ளுபடியைத் தாண்டிவிட்டீர்கள். அதற்காக வேகக்காரர்களின் நீண்ட, விறைப்பான போர்டுக்கும் தாவ வேண்டாம்.

பாதம்

சாயங்காலம் அளங்க. நாள் முழுக்க நின்ற கால் கொஞ்சம் உப்பியிருக்கும், ஸ்னோபோர்டு பூட் என்ற காலணிக்குள் இருக்கப்போவது அந்தக் கால்தான். மெல்லிய சாக்ஸ் போட்டு, குதிகால் சுவரைத் தொடும்படி நின்று, உடல் எடை முழுவதையும் அந்தக் காலில் போட்டு, மிக நீண்ட விரலின் நுனி வரை அளக்க வேண்டும். சிலருக்குக் கட்டைவிரலைவிட இரண்டாம் விரல் நீளமாக இருக்கும். இரண்டு காலையும் அளந்து பெரியதை எடுத்துக்கங்க. திருப்பூர்க்காரர் வீட்டில் எப்போதும் கிடக்கிற தையல் டேப் இதற்கு வேண்டாம். வளைந்து கொடுக்கும், பழசானால் நீண்டும் போயிருக்கும், 3 மி.மீ. பிசகினால் பூட்டில் அரை சைஸ் மாறிவிடும். ஸ்டீல் ஸ்கேல் வையுங்க.

மில்லிமீட்டரில் வருகிற அந்த எண்தான் பூட் அளவுக்கு அடிப்படை. மாண்டோ என்று பூட்டின் நாக்கில் அச்சிட்டிருப்பது பாதத்தின் நீளம்: 268 மி.மீ. கால் என்றால் 27 மாண்டோ, 261 என்றால் 26.5. நம்ம ஊர்ச் செருப்பு, ஷூ கடைகளில் புழங்குவது யு.கே. அளவு. பூட் அட்டவணைகளில் 27 மாண்டோ என்பது பெரும்பாலும் யு.கே. 8, யு.எஸ். 9. ஆனால் ஆபீஸ் ஷூ யு.கே. 9 போடுகிறவரின் பாதத்தை அளந்தால் 268தான் வருவதுண்டு. தெருவில் போடும் ஷூவைத் தாராளமாகவே வாங்குகிறோம். அதே எண்ணில் ஸ்னோபோர்டு பூட் வாங்கினால் முதல் நாள் சொகுசாக இருக்கும். சில நாளில் உள்லைனர் அமுங்கிக் குதிகால் உள்ளே தூக்க ஆரம்பிக்கும். டோ சைடில் நீங்கள் கொடுக்கும் அழுத்தம் எட்ஜுக்குப் போகாமல் பூட்டுக்குள்ளேயே தீர்ந்துவிடும்.

இன்னொரு சங்கதி, நம்மவர்களுக்கு முக்கியமானது. செருப்பும் வெறுங்காலுமாக வளர்ந்த பாதம் விரல் பக்கம் விரிந்திருக்கும். நீளம் பொருந்துகிற பூட் பக்கவாட்டில் கடிக்கும். உடனே ஒரு சைஸ் பெரிதாகப் போகிறார்கள், பூட்டின் அடி நீள்கிறது, அது போர்டுக்கு வெளியே இன்னும் நீட்டுகிறது, கடைசியில் தேவையில்லாமல் வைடு போர்டில் போய் முடிகிறது. அகலக் கால்களுக்கென்றே பர்ட்டன், கே2, சாலமன் போன்ற கம்பெனிகள் வைடு பூட் போடுகின்றன. நீளத்தைக் கூட்டாமல் அதைத் தேடுங்க. சரியான பூட்டில் நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனி முன்னால் லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் தொடுதல் விலக வேண்டும்.

இனி போர்டின் அகலம். ஸ்பெக் ஷீட்டில் வெயிஸ்ட் விட்த் என்று போட்டிருப்பது போர்டின் நட்ட நடுவில், மிகக் குறுகலான இடத்தின் அளவு. உங்கள் கால் அங்கே நிற்பதில்லை. பைண்டிங் (பூட்டைப் போர்டோடு பிணைக்கும் பிடிப்பு) மாட்டும் இடத்தில் போர்டு சுமார் 8 முதல் 12 மி.மீ. வரை அகலம் கூடியிருக்கும். 252 என்று போட்டிருந்தால் காலடியில் 262 என்று வைத்துக்கங்க.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். பாதம் 270 மி.மீ. பூட்டின் வெளி அடி, முனையிலிருந்து முனைவரை, 300 மி.மீ. பைண்டிங் 15 டிகிரி திருப்பி மாட்டியிருக்கிறது. 15 டிகிரிக்கு நீளம் 0.966 மடங்காகக் குறையும். வெறும் பாதம் 261 மி.மீ. ஆகிறது, காலடி அகலம் 262. பாதமும் போர்டும் சமம், அதாவது விரலும் குதியும் எட்ஜுக்கு நேர் மேலே நிற்கின்றன. இதைவிடப் பாதம் ஓரிரு மில்லிமீட்டர் வெளியே நீட்டினாலும் நல்லதுதான், உள்ளடங்கிப் போனால்தான் சிக்கல். பூட் 290 மி.மீ. ஆகிறது. 28 மி.மீ. வெளியே, பக்கத்துக்கு 14. பூட் பக்கத்துக்கு 10 முதல் 20 மி.மீ. வெளியே நீட்டலாம் என்பது பொதுவான கணக்கு, ஆக இது நல்ல ஜோடி.

இதே காலுக்கு வாடகைக் கடையில் பழைய, தடிமனான பூட் ஒன்றைக் கொடுக்கிறார்கள், அடி 320 மி.மீ. என்று வையுங்க. 309 போக 262, பக்கத்துக்கு 23க்கு மேல் நீட்டும். போர்டு அதேதான், கால் அதேதான், பூட் மட்டும் மாறி எல்லாம் கெட்டது. அதனால் பூட்டை முடிவு செய்யாமல் போர்டை முடிவு செய்யாதீங்க.

நீட்டினால் என்ன ஆகும்? போர்டின் தடிமன், பைண்டிங் தட்டு, பூட் முனையின் வளைவு எல்லாம் சேர்த்து பூட்டின் நுனி எட்ஜிலிருந்து ஏறக்குறைய 3 செ.மீ. உயரத்தில் இருக்கும் என்று கொள்வோம். 15 மி.மீ. நீட்டினால் போர்டை 63 டிகிரி வரை சாய்த்த பிறகுதான் பூட் பனியைத் தொடும். இடைநிலை ஆள் அவ்வளவு சாய்ப்பதில்லை. 30 மி.மீ. நீட்டினால் 45 டிகிரியிலேயே தொட்டுவிடும். இது கெட்டியான பனிக்கான கணக்கு. மெத்துப் பனியில் எட்ஜ் புதைவதால் இன்னும் முன்பே தொடும். தொட்ட கணம் எட்ஜ் பிடி விட்டு, போர்டு வெளிப்பக்கம் வழுக்கும். பலர் இதைத் தன் சமநிலைக் குறை என்று நினைத்து முழங்காலைத் திட்டுவார்கள். சந்தேகம் வந்தால் நின்று திரும்பி உங்கள் தடத்தைப் பாருங்க. எட்ஜ் கீறிய ஒற்றைக் கோடு மட்டும் இருக்க வேண்டும். அதற்குப் பக்கத்தில் துண்டு துண்டாக இன்னொரு கீறல் இருந்தால் அது உங்கள் பூட் விரல் போட்டது.

வெயிஸ்ட் அகலத்துக்குத் தோராயமான ஒரு வழிகாட்டி: 24 மாண்டோவுக்கு 236–242 மி.மீ., 25க்கு 240–247, 26க்கு 245–250, 27க்கு 248–255, 28க்கு 253–258, 29க்கு 258–263, அதற்கு மேல் 262க்குக் குறையாமல். வைடு என்றோ டபிள்யூ என்றோ போட்டு வருவதெல்லாம் பெரும்பாலும் 258, 260க்கு மேல்.

பூட் தொடுவதைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். எதிர்ப்பக்கத் தவறு, அதாவது அகலம் கூடிப்போவது, நம்மவர்களிடம்தான் அதிகம் பார்க்கலாம், பேச்சில் வருவதே இல்லை. 25.5 மாண்டோ கால் வைத்துக்கொண்டு, தள்ளுபடியில் கிடைத்தது என்று 260 வெயிஸ்ட் போர்டு வாங்கினால் எதுவும் உரசாது, விழவும் மாட்டீர்கள். ஆனால் ஒரு எட்ஜிலிருந்து இன்னொரு எட்ஜுக்கு மாற அரைக் கணம் தாமதமாகும். அந்தத் தாமதத்தை ஈடுகட்ட விரல்களை மடக்கி அழுத்துவீர்கள். மதியத்துக்குள் உள்ளங்கால் இழுத்துப் பிடிக்கும், கெண்டைக்கால் கல்லாகும். மரங்களுக்கு நடுவில் ஓட்டும்போது அந்த அரைக் கணம் ரொம்பப் பெரிசு.

எடை

ஒவ்வொரு போர்டுக்கும் கம்பெனி ஒரு எடை வரம்பு கொடுக்கும். ஒரே மாடலில் 154க்கு 60–80 கிலோ, 157க்கு 68–88 கிலோ என்கிறமாதிரி. வரம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித்தான் வரும், 70 கிலோ ஆள் ரெண்டிலும் அடங்குவார். வரம்பின் கீழ் விளிம்பில் நிற்கிறவருக்கு போர்டு விறைப்பாக இருக்கும், வளைக்க முடியாது, வளையாத போர்டு திரும்பாது. மேல் விளிம்பில் நிற்கிறவருக்குத் துவளும், வேகத்தில் படபடக்கும். இடைநிலை ஆள் நடுவில் நிற்பது நல்லது. ஒரு பக்கம் சாய வேண்டுமென்றால் எந்தப் பக்கம் என்பதைப் பனி தீர்மானிக்கும்.

எடை என்பது வீட்டில் தராசில் நின்று பார்க்கிற எடைதான். ஜாக்கெட், பூட், ஹெல்மெட் எல்லாருக்கும் பொது, அதைத் தனியாகக் கூட்ட வேண்டியதில்லை. கேமரா, தண்ணீர், பனி தோண்டும் மண்வெட்டி என்று எட்டுப் பத்துக் கிலோ பையோடு ஓட்டுகிறவர் மட்டும் வரம்பின் மேல்பாதியில் தன்னை வைத்துப் பார்க்கலாம். தை மாசத்துக் கல்யாண விருந்துகளில் ஏறுகிற மூன்று கிலோவுக்கு போர்டு மாற்ற வேண்டாம். பத்து கிலோ ஏறியிருந்தால் யோசிக்கணும்.

வரம்பு கையில் இல்லாதபோது, எல்லா வகைப் பனிக்கும் பொதுவான போர்டுக்கு இப்படி ஆரம்பிக்கலாம்: 50 முதல் 58 கிலோவுக்கு 142–149 செ.மீ., 66 வரை 149–153, 74 வரை 152–156, 82 வரை 155–159, 92 வரை 158–162. இது ஆரம்பம் மட்டுமே. மாடலுக்கு மாடல் மாறும், மாறுகிறபோது கம்பெனி அட்டவணை சொல்வதே சரி.

ஏன் மாறும்? ஏனென்றால் போர்டின் மேல் பெரிதாக எழுதியிருக்கும் 156 என்ற எண் முனையிலிருந்து முனைவரையான நீளம். பனியைப் பிடிப்பது அதில் ஒரு பகுதிதான். எஃபெக்டிவ் எட்ஜ் என்று ஸ்பெக் ஷீட்டில் இருக்கும் எண்ணைப் பாருங்க. ஒரு 156இல் அது 119 செ.மீ. இருக்கும். நோஸ் (முன்முனை) நீண்டு வளைந்த, பவுடருக்கான (புதுசாக விழுந்த தூள் பனிக்கான) இன்னொரு 156இல் 111தான் இருக்கும். முதலாவது கெட்டிப் பனியில் 8 செ.மீ. கூடுதலாகக் கடித்துப் பிடிக்கும். ரெண்டையும் "என் சைஸ் 156" என்று ஒரே கூடையில் போட்டால் எப்படி? திருப்பூரில் பையர் சாம்பிளை எடுத்தால் லேபிளில் எம் என்று போட்டிருப்பதை யாரும் நம்புவதில்லை, செஸ்ட், லெங்த் என்று ஒவ்வொன்றையும் டேப் வைத்துத்தான் பாஸ் செய்வார்கள். அந்தப் பழக்கம் உள்ளவர்களும் போர்டு வாங்கும்போது எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வருவதுதான் வேடிக்கை.

வளைவும் அப்படித்தான். கேம்பர் போர்டைத் தரையில் வைத்தால் நடுப்பகுதி தூக்கி நிற்கும். ஏறி நின்றால் அமுங்கி, எட்ஜ் முழுவதும் பனியில் பதியும். ராக்கர் போர்டில் நோஸும் டெயிலும் (பின்முனையும்) முன்கூட்டியே மேலே வளைந்திருப்பதால் பதிகிற நீளம் குறையும். பவுடரில் மிதக்கும், எட்ஜ் எதிர்பாராமல் கடித்துக் கவிழ்ப்பது குறையும், உறைந்த பனியில் பிடி போதாது. முழு ராக்கர் எடுப்பதென்றால் ரெண்டு, மூன்று செ.மீ. கூட்டி எடுக்கலாம். காலடியில் கேம்பர், நோஸில் ராக்கர் என்று கலந்து வருபவை இடைநிலை ஆளுக்கு வசதி, அதற்குக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். ஃப்ளெக்ஸ், அதாவது போர்டின் விறைப்பு, 10க்கு 4 முதல் 6 வரை இருக்கட்டும். அந்த எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறுபடும் என்பதால் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

எந்தப் பனி

குல்மர்க் என்றால் அது ஒரு தனி ரகம். கிராமம் சுமார் 2,650 மீட்டரில், கோண்டோலா என்ற கேபிள் காரின் முதல் கட்டம் கொங்டூரிவரை, இரண்டாம் கட்டம் அஃபர்வாட் மலையின் தோளில் சுமார் 3,950 மீட்டர்வரை. மேலே இருப்பது பெரும்பாலும் இயந்திரம் ஓட்டிச் சமன் செய்யாத பனி. நல்ல பொழிவுக்குப் பிறகு முழங்கால் அளவு பவுடர், கீழே வரவர மரங்கள். இங்கே முக்கியம் மிதப்பு. எடை வரம்பில் நீங்கள் மேல்பாதியில் இருந்தால் அடுத்த அளவுக்குப் போங்க. டைரக்‌ஷனல் வடிவம் (முன்முனையும் பின்முனையும் வேறு வேறு மாதிரி), நோஸில் ராக்கர், 10 முதல் 25 மி.மீ. வரை செட்பேக் உள்ள போர்டு தேடுங்க. செட்பேக் என்றால் பைண்டிங் ரெண்டும் நடுவிலிருந்து பின்னால் தள்ளி இருப்பது. மாட்டு வண்டியில் பின்பாரம் ஏற்றினால் நுகத்தடி மேலே தூக்குமே, அதேதான்: எடை பின்னால் போனால் நோஸ் பனிக்கு மேலே வரும், பின்காலை மட்டும் வருத்தி உட்கார்ந்தே ஓட்ட வேண்டியதில்லை. (சமன் செய்த பாதைக்கு வெளியே போவதற்கு அளவு மட்டும் போதாது. வழிகாட்டியும் பனிச்சரிவு பீக்கனும் (புதைந்தவரைத் தேட உதவும் சிக்னல் கருவி) இல்லாமல் போக வேண்டாம்.)

நீளத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டிய வால்யூம் ஷிஃப்ட் போர்டுகள் பவுடருக்கென்றே வருகின்றன. வழக்கமான அளவிலிருந்து 4 முதல் 8 செ.மீ. குறைத்து எடுக்கலாம். பெரிய கால் உள்ளவர்களுக்கு இது வரப்பிரசாதம். சின்னக் கால்காரருக்கு அதே அகலம் மேலே சொன்ன உள்ளங்கால் வலியைக் கொண்டுவரும்.

துபாய்க்குப் போய் வருகிறவர்கள் மால் ஆஃப் தி எமிரேட்ஸில் உள்ள ஸ்கி துபாயில் பழகுவதுண்டு. அங்கே மிக நீண்ட ஓட்டமே 400 மீட்டர்தான், பனி அமுக்கிக் கெட்டியானது. மிதப்புக்கு வேலையில்லை. எடைக்குரிய வரம்பில் கீழ்ப்பக்க நீளம், ட்வின் வடிவம் (ரெண்டு முனையும் ஒரே மாதிரி), காலடியில் கேம்பர். மணாலி பக்கத்துச் சோலாங் மாதிரிக் குறுகிய சரிவுகளுக்கும் இதே பேச்சுதான். ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ சமன் செய்த நீண்ட பாதைகளில் ஓட்டுகிறவருக்கு நடு அளவே போதும். எஃபெக்டிவ் எட்ஜ் மட்டும் கொஞ்சம் தாராளமாக இருந்தால் காலை நேர உறைபனியில் கை கொடுக்கும். வருசம் ஒரே ஒரு பயணம், அதுவும் குல்மர்க் மட்டும் என்றால் போர்டே வாங்காமல் பூட் மட்டும் வாங்குவதுதான் நம் கட்சி.

உயரத்தின் ஒரே வேலை

ரெண்டு பைண்டிங் மையங்களுக்கும் இடைப்பட்ட தூரம், ஸ்டான்ஸ், அங்கேதான் உயரம் வருகிறது. 170 செ.மீ. ஆளுக்கு 50 முதல் 54 செ.மீ. வரை இயல்பாக அமையும். தரையில் குதித்து, யோசிக்காமல் கால் விழுந்த இடத்தில் குதிகால் மையங்களை அளந்தால் உங்கள் எண் ஏறக்குறைய வந்துவிடும். ஒவ்வொரு போர்டுக்கும் கம்பெனி குறித்த ரெஃபரன்ஸ் ஸ்டான்ஸ் ஒன்று உண்டு. சைடுகட்டும் (பக்க ஓரத்தின் உள்வளைவும்) கேம்பர், ராக்கர் வளைவும் அந்த இடத்தை மனதில் வைத்தே வடிவமைத்தவை. 158, 160 போர்டுகளில் அது 55, 56 செ.மீ. வரை போகும். கால் குட்டையானவர் அதில் 50க்கு உள்ளே தள்ளி மாட்டினால் நோஸும் டெயிலும் காலுக்கு அடங்காமல் ஆடும், காலடி அகலமும் குறைந்துவிடும். ரெஃபரன்ஸிலிருந்து ஓரிரு துளைக்கு மேல் நகர்த்த வேண்டியிருந்தால் அது உங்கள் போர்டு அல்ல.

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். 173 செ.மீ., 62 கிலோ, பாதம் 262 மி.மீ. பூட் 26.5. எடை 149–153 என்கிறது, அகலம் 246–252. குல்மர்க்கே பிரதானம் என்றால் 153, டைரக்‌ஷனல் ட்வின் (ரெண்டும் கலந்த வடிவம்), வெயிஸ்ட் 250. தாடைக் கணக்கில் கிடைத்த 158ஐவிட 5 செ.மீ. குறைவு.

158 செ.மீ., 54 கிலோ, பாதம் 236 மி.மீ. உள்ள பெண்ணுக்கு பூட் 24, நீளம் 143–146, அகலம் 236–242. பெண்களுக்கான போர்டு என்பது பூப்போட்ட டிசைன் மட்டுமல்ல, போர்டின் வெயிஸ்ட் குறுகல், ஃப்ளெக்ஸும் எடை வரம்பும் அதற்கேற்றபடி. வீட்டுக்காரரின் பழைய 149ஐ எடுத்துக்கொண்டால் அதன் வெயிஸ்ட் 248 இருக்கக்கூடும், டோ சைடு வராமல் தடுமாறுவார். மாறாக, பெரிய கால் உள்ள பெண் ஆண்கள் போர்டு எடுப்பதில் ஒரு தப்பும் இல்லை.

176 செ.மீ., 90 கிலோ, பாதம் 287 மி.மீ.: பூட் 29, 159 முதல் 162 வரை வைடு, வெயிஸ்ட் 260 பக்கம். சுலபமான கேஸ்.

கஷ்டமான கேஸ் இதுதான்: 163 செ.மீ., 82 கிலோ, பாதம் 255 மி.மீ. எடை 158 கேட்கிறது. கால் 245, 248 வெயிஸ்ட் கேட்கிறது, உயரம் 50 செ.மீ. ஸ்டான்ஸ் கேட்கிறது. மூன்றும் ஒரே போர்டில் கிடைப்பது அபூர்வம். இங்கே அகலத்தை விட்டுக்கொடுக்காதீங்க. 154 அல்லது 155, வெயிஸ்ட் 250க்குள், ஃப்ளெக்ஸ் 6, கேம்பர் உள்ளது, எடை வரம்பின் மேல் விளிம்புக்கு உட்பட்டு. ஆழமான பவுடரில் கொஞ்சம் உழைக்க வேண்டியிருக்கும். மற்ற எல்லா நாளும் போர்டு சொன்னபடி கேட்கும்.

வாங்கும் முன்பு ரெண்டு அளவை வாடகைக்கு எடுத்து, ஒரே சரிவில், ஒரே பூட்டோடு ஓட்டிப் பாருங்க. கடைக்காரர் உயரம் கேட்பார், நீங்கள் கிலோவையும் மாண்டோவையும் சொல்லுங்க. திருப்பம் தொடங்கவே தாமதம், பின்காலால் டெயிலைத் தள்ளித்தான் திருப்ப முடிகிறது என்றால் நீளம் அல்லது விறைப்பு அதிகம். நேராக வேகமெடுக்கும்போது நோஸ் தடதடக்கிறது, ஹீல் சைடில் பிடி கிடைக்காமல் அடித்து அடித்து இறங்குகிறது என்றால் நீளம் குறைவாக இருக்கலாம். ஆனால் மழுங்கிய எட்ஜும் இதே அறிகுறியைக் காட்டும். நகத்தை எட்ஜின் குறுக்கே லேசாக இழுத்துப் பாருங்க, நகம் சீவ வேண்டும். டோ சைடு மட்டும் தாமதம், ஹீல் சைடு சரி என்றால் நீளத்தைக் குறை சொல்லாதீங்க. ஒன்று அகலம் கூடியிருக்கிறது, அல்லது பூட்டில் குதிகால் தூக்குகிறது, அல்லது பைண்டிங் மையம் பின்னால் தள்ளியிருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து திரும்பியவர் விற்கும் பழைய போர்டு என்றால் அளவுக்கு முன்னால் உயிர் இருக்கிறதா என்று பார்க்கணும். வீட்டு கிரானைட் தரையில் வைத்து நடுவில் எவ்வளவு தூக்கியிருக்கிறது என்று பாருங்க. கேம்பர் என்று விற்றது தட்டையாகக் கிடந்தால் நார் ஓய்ந்துவிட்டது, அதன் ஸ்பெக் ஷீட் எடை வரம்பு இனி செல்லாது. எட்ஜ் ஓரமாக அடுக்கு பிரிந்திருக்கிறதா, இன்சர்ட் துளைகளில் (பைண்டிங் ஸ்க்ரூ இறங்கும் துளைகளில்) மரை தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்க. ஈரோட்டு வெயிலில் தகரக்கூரைக்கு அடியில் ரெண்டு கோடை கிடந்த போர்டில் பசை இளகியிருக்க வாய்ப்பு உண்டு. எட்ஜில் மேலாகப் பிடித்த துரு மட்டும் பிரச்சினையில்லை, தேய்த்தால் போய்விடும்.

போர்டு வந்ததும் பைண்டிங்கை மாட்டும் விதத்தில் சரியான அளவையும் கெடுத்துவிட முடியும். பூட்டை மாட்டி ஸ்ட்ராப் இறுக்கி, போர்டைக் கவிழ்த்து, விரல் பக்கமும் குதி பக்கமும் எவ்வளவு நீட்டுகிறது என்று ஸ்கேல் வைத்து அளங்க. ரெண்டும் சமமாக வரும்வரை பைண்டிங்கின் நடுவில் இருக்கும் டிஸ்க்கையோ, குதியைத் தாங்கும் ஹீல்கப்பையோ நகர்த்துங்க. விரல் பக்கம் 20, குதி பக்கம் 8 என்று விட்டால் அகலம் சரியான போர்டிலும் பூட் உரசும்.

ஸ்க்ரூ எம்6. 2x4, 4x4 என்ற துளை வரிசை உள்ள போர்டுகளுக்குப் பெரும்பாலும் 16 மி.மீ. நீளம். ஒன்று தொலைந்தால் கோவை கணபதி ஏரியா பக்கம் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் எம்6 கிடைக்கும், ஆனால் கையில் கொடுப்பது 20 அல்லது 25 மி.மீ. ஆக இருக்கும். அது இன்சர்ட்டின் அடியில் போய் முட்டி நிற்கும். இறுகிய மாதிரித் தோன்றும், பைண்டிங் ஆடும். இன்னும் முறுக்கினால் போர்டின் அடிப்பக்கம் புடைக்கும். தலையின் வடிவமும் டிஸ்க் குழியில் உட்காருகிற மாதிரி இருக்க வேண்டும், அறுகோண போல்ட் ஆகாது. பழையதைக் கையில் கொண்டுபோய் நீளத்தை ஒப்பிட்டு வாங்குங்க. ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் 3ஆம் நம்பர். வீட்டில் இருக்கும் 2ஆம் நம்பர் தலையை வழித்துவிடும். நாலு ஸ்க்ரூவையும் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்க, முதல் நாள் நாலைந்து ஓட்டம் முடிந்ததும் இன்னொரு முறை பாருங்க.

போர்டு, பைண்டிங், பூட் மூன்றும் சேர்ந்து 7, 8 கிலோ வரும், பை தனி. உள்நாட்டு விமானத்தில் 15 கிலோ வரம்பு உள்ள டிக்கெட் என்றால் துணிக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். இண்டிகோவோ ஏர் இந்தியாவோ, விளையாட்டுச் சாமானுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று பீளமேடு ஏர்போர்ட் கவுண்டரில் போய் நின்று கேட்காமல் டிக்கெட் போடும்போதே பார்த்துக்கங்க. பூட்டைக் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம். ஸ்க்ரூடிரைவரை மட்டும் மறக்காமல் செக்‌இன் பையில் போடுங்க, கையில் வைத்திருந்தால் செக்யூரிட்டியில் வாங்கிக்கொள்வார்கள்.